மனம் திறந்து பேசத் தயங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு பேர் நடுவில் பதற்றப்படுகிறவர்களுக்குப் பேச்சே வராது என்று நினைத்துவிடுகிறோம். பலர் நன்றாகவே பேசுவார்கள். அக்கறையாகக் கேள்வி கேட்பார்கள், தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள். தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். உண்மையில் பிறருக்கு நம்மைப் பிடிக்காமல் போக அந்த மறைப்பே காரணமாகிவிடுகிறது.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "ரெண்டு நாளா தூக்கமே இல்லை, அப்பாவுக்கு ஆபரேஷன்" என்கிறார். "கவலைப்படாதீங்க, சரியாகிடும்" என்று நிறுத்திக்கொள்கிறீர்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அவர் மனசைக் காட்டிவிட்டார், நீங்கள் காட்டவில்லை. "எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ஃபோன் அடிச்சாலே எனக்குக் கை நடுங்கும்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, "அப்பா இப்ப எப்படி இருக்கார்?" என்று பேச்சை அவரிடமே திருப்பியிருக்கலாம்.

மெலெஷ்கோ, ஆல்டன் என்ற இரு உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. எதிரில் இருப்பவர் மேலோட்டமாகப் பேசினாலும் அந்தரங்கமாகப் பேசினாலும், பதற்றம் உள்ளவர்கள் ஒரே அளவோடு நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் எதிராளிக்கு ஏற்ப மனம் திறந்தார்கள். பதற்றம் உள்ளவர்களோடு பேசியவர்களுக்குச் சங்கடம் கூடியது, அவர்களை அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை.

சரி, அதற்காக முதல் சந்திப்பிலேயே மொத்தக் கதையையும் கொட்டிவிடவும் கூடாது. கேட்பவர் திணறிப்போவார். அவர் எவ்வளவு திறக்கிறாரோ அவ்வளவு, வேண்டுமானால் ஒரு பிடி கூடுதலாக. அடுத்து என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்ப்பதையும் விடுங்கள். அந்த நேரத்தில் அவர் சொல்வது காதில் விழாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, பேசி முடித்த பிறகு நடப்பது. "ஐயோ, அதைச் சொல்லியிருக்க வேண்டாமே" என்று ராத்திரி முழுக்க அசைபோடுவார்கள். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. தங்களை அடுத்தவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதைப் பொதுவாகப் பலரும் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். கூச்சம் கூடியவர்களிடம் அந்த இடைவெளி இன்னும் பெரிது. இது தெரியாமல், மறுநாள் அவரைக் கண்டும் காணாததுபோல் தலையைக் குனிந்துகொண்டு போகிறோம். நேற்று நம்மிடம் மனம் விட்டுப் பேசிய அந்த மனிதர், தான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று குழம்பிப்போய் நிற்பார்.