வெளிநாட்டில் உங்கள் தொழிலுக்கு வேலை இருக்கிறதா? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

"அங்கே ஆள் பற்றாக்குறையாம்" என்ற பேச்சை மட்டும் நம்பி, கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரு நாட்டில் ஆள் தேவைப்படலாம். ஆனால் உங்கள் தொழிலுக்கு, உங்கள் அனுபவத்துக்கு, வெளியிலிருந்து வருபவரை எடுக்கிறார்களா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: தொழில் குறியீடு

விசா விண்ணப்பத்தில் உங்கள் பதவிப் பெயரை விட, தினமும் செய்யும் வேலைதான் முக்கியம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு: மென்பொருள் உருவாக்குநருக்கு 2512, செவிலியருக்கு 2221. கனடாவுக்கு என்ஓசி (NOC), பிரிட்டனுக்கு எஸ்ஓசி (SOC) என்று தனித் தொழில் வகைப்பாடுகளும் குறியீடுகளும் உண்டு. பணி விவரத்தைப் படித்து, உங்களுக்குப் பொருந்துவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உரிமம் வேண்டுமா?

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். நான் சொல்வேன், நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பாருங்கள். மருத்துவர், செவிலியர், ஆசிரியர், எலக்ட்ரீஷியன் போன்றவர்கள் பல நாடுகளில் உள்ளூர் உரிமம் இல்லாமல் முழுத் தகுதியோடு தொழில் செய்ய முடியாது. கனடாவில் மருத்துவருக்கான உரிமத்தை மாகாணம்தான் தருகிறது. அதனால் நாட்டை மட்டுமல்ல, மாகாணத்தையும் முடிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியில் செவிலியருக்குப் பொதுவாக பி2 நிலை (தடையின்றிப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவு) ஜெர்மன் மொழி கேட்பார்கள். அதற்கே பல மாதப் படிப்பு தேவை. ஐடி துறைக்கு நிலைமை வேறு: 2023 நவம்பர் முதல், பட்டம் இல்லாதவர்களும் கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு பொருத்தமான அனுபவம் காட்டி, ஜெர்மனியில் நீல அட்டை (ப்ளூ கார்ட் எனும் வேலை, குடியிருப்பு அனுமதி) பெற வழி இருக்கிறது. வேலை வாய்ப்புக் கடிதமும், குறிப்பிட்ட அளவு சம்பளமும் அவசியம்.

படி 3: பற்றாக்குறைப் பட்டியல்

ஆள் தேவைப்படும் தொழில்களைச் சில அரசுகளே பட்டியலிடுகின்றன; உங்கள் தொழில் அதில் இருக்கிறதா பாருங்கள். ஆஸ்திரேலியா 2024 டிசம்பரில் வெளியிட்ட முக்கியத் திறன் தொழில் பட்டியலில் 456 தொழில்கள் இருந்தன. நியூசிலாந்தில் 'கிரீன் லிஸ்ட்' உண்டு. கனடா அரசின் 'ஜாப் பேங்க்' தளம் ஒவ்வொரு தொழிலின் எதிர்காலத்தையும் மாகாண வாரியாகச் சொல்கிறது.

படி 4: விளம்பரங்களை எண்ணுங்கள்

பட்டியலில் பெயர் இருந்தால் விசாவுக்குக் கதவு திறக்கும், அவ்வளவுதான். வேலை தருவது நிறுவனம். எனவே உங்கள் தொழிலுக்கான 30 விளம்பரங்களைத் திரட்டி ஓர் எக்செல் தாளில் போடுங்கள்: எத்தனை ஆண்டு அனுபவம், என்ன மொழி, எந்த நகரம், விசா ஸ்பான்சர் செய்வார்களா (உங்கள் விசாவுக்கு நிறுவனமே பொறுப்பேற்குமா). "ஏற்கெனவே இங்கே வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும்" என்ற வரி எத்தனையில் வருகிறது என்று தனியாக எண்ணுங்கள். பாதிக்கு மேல் வந்தால், அந்த நாட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்பது என் கணக்கு. பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாத நிறுவனம் உங்களை ஸ்பான்சர் செய்ய முடியாது.

படி 5: சம்பளம்

விளம்பரத்தில் உள்ள சம்பளம், விசாவுக்குத் தேவையான குறைந்தபட்ச சம்பள வரம்பைத் தொடுகிறதா பாருங்கள். பிரிட்டனின் திறன் பணியாளர் விசாவுக்கு 2025 ஜூலையில் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. சுகாதாரத் துறை போன்றவற்றுக்கு வேறு கணக்கு. அப்புறம் வரி, வாடகை இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

படி 6: ஏஜென்ட்

வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அடிப்படை விதி. வேலை வாய்ப்புக் கடிதம் கையில் வந்தாலும், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, அதை அனுப்பியது அவர்கள்தானா என்று கேட்டுவிடுங்கள்.