பிள்ளையின் காசு பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்

பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த நூறு ரூபாயைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொள்ளும் பெற்றோர், அதே வாரத்தில் அதைப் பால் கணக்குக்குக் கொடுத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், எடுத்து வைத்த காசு மிஞ்சாது, கையில் இருக்கும்போதே செலவழித்துவிட வேண்டும் என்பதையே பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. ஆகவே முதல் விதி பெற்றோருக்கானது: பிள்ளையின் காசைத் தொடாதீர்கள். அவசரத்துக்கு எடுக்க நேர்ந்தால், பிள்ளையிடம் கேட்டு, திருப்பித் தரும் நாளைச் சொல்லி, அந்த நாளில் அதன் கையிலேயே கொடுங்கள்.

ஐந்தாறு வயதுக்கு மண் உண்டியல் போதும். எதற்காகச் சேர்க்கிறோம், எப்போது உடைக்கப்போகிறோம் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாதி நிறைவதற்குள் பிள்ளை ஈர்க்குச்சியை விட்டுக் காசை வெளியே எடுக்கத் தொடங்கிவிடும். உடைக்கும் நாளில் காசைத் தரையில் கொட்டி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் எனத் தனித்தனியாக அடுக்கி, பிள்ளையே எண்ணட்டும். அரை மணி நேரம் ஆனாலும், விரல்கள் கறுத்தாலும், நடுவில் கணக்கு விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

எட்டு வயதளவில், வாரத்துக்கு ஒரு தொகையைக் குறித்த கிழமையில் கொடுத்து, ஒரு நோட்டில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம் போட்டு எழுதச் சொல்லலாம். திருவிழாவில் ஐம்பது ரூபாயையும் முதல் கடையிலேயே செலவழித்துவிட்டு, ராட்டினத்தின் முன்னால் பிள்ளை கண் கலங்கி நிற்கும்போது இன்னொரு ஐம்பதை நீட்டாமல் இருப்பதுதான் பெற்றோருக்குக் கடினமானது. திட்டவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம். வங்கிகளும் தங்கள் வரம்புக்குட்பட்டு இதை அனுமதிக்க ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்தாண்டு போட்டால் கட்டிய தொகை 6,000. 2025ஆம் ஆண்டில் இருந்த 6.7 சதவீத வட்டிப்படி கைக்கு வருவது ஏறத்தாழ 7,137 ரூபாய். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் செல்வமகள் சேமிப்புத் திட்டத்திலும் சேர்க்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். எந்தக் கணக்கானாலும் பிள்ளையையே அழைத்துச் சென்று, பாஸ்புக்கில் வட்டி பதிவாகியிருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

பதின்ம வயதில் மளிகைச் சீட்டு, மின் கட்டணம், கடன் தவணை ஆகியவற்றை மறைக்காமல் காட்டிப் பேசுவது நல்லது.

முதல் சம்பளம் வாங்கும்போது, சின்ன வயதுப் பழக்கம் அப்படியே கைகொடுக்கும். அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் பாட்டிமார் சிறுவாடு சேர்த்த முறையும் இதுதான்: செலவுக்குப் பின் மிஞ்சியதை அல்ல, செலவுக்கு முன்பே எடுத்து வைப்பது. சம்பளம் வந்த மறுநாளே தொடர் வைப்புக்குப் பணம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை வேறு முதலீட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. சீட்டு சேர்வதானால், அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று முதலில் பாருங்கள். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போடுவது, மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். அட்டையை வாங்கிய அன்றே, முழுத் தொகையும் கெடு நாளுக்குள் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி அமைத்துவிட வேண்டும்.