மார்கழிக் குளிரில் சென்னைச் சுவர்கள்

சென்னையில் குளிரா என்று டொராண்டோக்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், அவ்வளவுதான். அதற்கே ஊர் மங்கி குல்லா மாட்டிக்கொள்ளும். ஆனால் இங்கே கால் நடையாகச் சுற்ற இதைவிட நல்ல பருவம் கிடையாது. மார்கழி இசை சீசனுக்கு வருபவர்கள் பலர் சபா, கேண்டீன் என்றே விடுமுறையை முடித்துவிடுகிறார்கள். ஒரு மாலையையும் அடுத்த விடியலையும் ஓவியத்துக்கு எடுத்து வையுங்கள்.

கலைக்கூடங்களை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் மாலை 5 மணிக்கே மூடிவிடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு வேறொரு நாள் முற்பகலில் போங்கள். நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டு நேராகச் செப்புத் திருமேனிகளிடம் போய்விடலாம். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தில் பார்த்தே உருகி எழுதிய திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தால் கையில் வைத்திருங்கள். அருங்காட்சியகக் கட்டணத்தில் அந்த அட்டைக்காரர்களை இந்தியர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2021இலேயே அரசாணை வந்துவிட்டது.

நம் மாலையைச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் தொடங்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய இடம். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். அந்தக் கதை தெரிந்து பார்த்தால் அங்குள்ள படங்கள் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். மூன்று மணி வாக்கில் போனால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

அங்கிருந்து ஆட்டோவில் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நகரத்தின் நடுவில் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஓவியர்களை அழைத்துவந்து அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய முகங்களையும் வண்ணங்களையும் தீட்டியது. படங்கள் அபாரம். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கிறது, கொடியில் துணி காய்கிறது. கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். “அக்கா, படம் எடுத்துக்கலாமா?” என்றால் போதும், பெரும்பாலும் அவர்களே நல்ல சுவர் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுவார்கள். டீக்கடையில் நின்று ஒரு டீ குடியுங்கள். கும்பலாகப் போய் ஏழ்மையை வேடிக்கை பார்ப்பதாக இருந்தால் போகாமலே இருப்பது நல்லது.

அப்புறம் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். எச்ஐவியுடன் வாழ்வோரின் முகங்களை மற்றவர்களின் முகங்களோடு கலந்து வரைந்த பெரிய சுவரோவியம் அங்கே இருக்கிறது. யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது. ஓவியத்தின் நோக்கமே அதுதான். அங்கேயே ரயில் ஏறினால் நான்கு நிறுத்தம் தாண்டித் திருமயிலை. இரவு மயிலாப்பூரிலேயே தங்குங்கள்.

ஏனென்றால் இந்த ஊரின் பழைய தெரு ஓவியம் விடிவதற்கு முன்னால்தான் தொடங்கும். ஐந்து மணிக்கு கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, சிக்குக் கோலம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். சில வாசல்களில் நடுவே பூசணிப்பூவும் இருக்கும். ஈரத்தரையில் மாவுக்கோடு காய்ந்து வெளுப்பதைப் பார்க்க அந்த நேரம்தான் சரி. எட்டு மணிக்கு ஸ்கூட்டர்கள் ஏறி அழித்திருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டியும் நடக்கும். மெட்ரோ வேலைக்காகச் சில சாலைகளை மறித்திருக்கிறார்கள், அதனால் காரை மறந்துவிடுங்கள்.

கையில் பத்து, ஐம்பது ரூபாய்த் தாள்கள் வேண்டும். டீக்கடையில் க்யூஆர் அட்டை தொங்கும், ஆனால் உங்கள் வெளிநாட்டு வங்கி அட்டை அங்கே செல்லாது. ஸ்வெட்டரைவிடக் கொசுவை விரட்டப் பூசும் ஓடோமாஸ் முக்கியம். செருப்பு எளிதில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், விடியலில் கோயிலுக்குள்ளும் போகத் தோன்றும்.