அமெரிக்காவில் பாட்டு வகுப்பை முடிக்கும் வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் நகரில் நடக்கும் கர்நாடக இசை விழாவான தியாகராஜ ஆராதனை 1978ல் தொடங்கியது. வசந்த காலத்தில் அதற்கென்று போய், அப்படியே ஊர் ஊராகப் பாட்டு வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பும் வழக்கம் சென்னைக் கலைஞர்களிடம் நெடுநாளாக உண்டு. வகுப்பை நன்றாகவே ஆரம்பிக்கிறார்கள். முடிக்கிற வாரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கிளம்புவதற்குள் இன்னும் ஒரு உருப்படி, அதாவது இன்னொரு பாட்டு, என்ற ஆசைதான் முதல் வில்லங்கம். பெற்றோரும் விடமாட்டார்கள்: "சார், ஒரே ஒரு கல்யாணி கிருதி மட்டும்." பல்லவிக்குச் சங்கதிகளை (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் வகைகளை) அள்ளிக் கொடுத்து, அனுபல்லவியை ஓட்டி, சரணத்தை "ரெக்கார்டிங்கில் கேட்டுக்கோ" என்று விட்டுவிட்டு வந்தால், குழந்தை அதைத் தப்பும் தவறுமாக உருப்போட்டு வைத்திருக்கும். அடுத்த வருஷம் அதைப் பிரித்துத் திருத்துவதைவிடப் புதிதாகச் சொல்லிக் கொடுப்பது எளிது. கடைசி வகுப்புகளில் ஏற்கெனவே சொன்னதை மாணவர் தனியாக, தாளம் போட்டு, உங்கள் குரல் துணையில்லாமல் பாட வேண்டும். நடுவில் தடுமாறினாலும் எடுத்துக் கொடுக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் வேலை பாக்கி.

அப்புறம், பதிவு. முழு வகுப்பையும் செல்போனில் பிடித்திருப்பார்கள்; அதில் பாதி இருமலும் "இன்னொரு தடவை"யும்தான். அதை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு உருப்படியையும் சுருதியும் தாளத் தட்டும் காதில் விழும்படி, சங்கதி சங்கதியாக இடைவெளி விட்டுத் தனியே பதிந்து கொடுங்கள். இதில் பலர் மறக்கும் விஷயம் ஒன்று. சொல்லிக் கொடுப்பவர் ஒரு கட்டை சுருதியில் தாழ்த்திப் பாடும் ஆண், கற்பவள் ஐந்து கட்டையில் உயர்த்திப் பாடும் பெண் என்றால், அவர் குரலில் இருக்கும் பதிவை வைத்து அவள் வீட்டில் சாதகம் செய்வது சிரமம். அவள் சுருதியிலேயே பாடக்கூடிய மூத்த மாணவி ஒருத்தியைப் பாட வைத்து, பக்கத்திலிருந்து திருத்தி, அதைப் பதியலாம்.

உள்ளூர் ஆசிரியரை மறப்பது இன்னும் பெரிய தவறு. வருஷம் முழுக்கக் குழந்தையோடு மல்லுக்கட்டுபவர் அவர்தான். வந்து போகிறவர் மாணவர் எதிரிலேயே அவருடைய பாடாந்தரத்தை (அவர் கற்றுக் கொடுக்கும் பாட வழியை) தப்பு என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினால், அப்புறம் அந்தக் குழந்தை யார் சொல்வதையும் முழுசாக நம்பாது. கிளம்புமுன் அவரோடு உட்கார்ந்து, எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று பேசிவிடுங்கள். நொட்டேஷன் நகல் ஒன்றும் அவர் கையில் இருக்கட்டும்.

"மீதியை ஜூமில் பார்த்துக்கலாம்" என்று சொல்வது சுலபம். ஜூம் சாதாரண அமைப்பில் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். கார்வையும், அதாவது நீட்டிப் பிடிக்கும் சுரமும், விட்டு விட்டுக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று அதில் தனி ஒலி அமைப்பு இருக்கிறது. நீங்கள் அங்கே இருக்கும்போதே மாணவரின் கணினியில் அதைப் போட்டு, பக்கத்து அறையிலிருந்து சோதித்துப் பாருங்கள். நேரத்தையும் தெளிவாகப் பேசுங்கள். கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை காலை 8 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 8.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதே வகுப்பு 9.30க்குப் போய்விடும். அடுத்த மார்ச் வரை அப்படித்தான்.

வாத்தியம் கொண்டு போனவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வீணையை விட்டால் மெட்டுகளை (விரல் வைக்கும் கம்பிக் கட்டைகளை) பிடித்திருக்கும் மெழுகு இளகி அவை நகர்ந்துவிடும். சுருதிப் பெட்டியின் லித்தியம் பேட்டரி தனியாக இருந்தால் அது கைப்பையில்தான் போக வேண்டும்.

காகித விஷயத்தில் அசட்டை வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா தேதியைப் பார்த்து டிக்கெட்டைத் தள்ளிப்போடுவார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதி, இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கலைஞர்களுக்கான பி-3 (P-3) விசாவில் வந்து சம்பாதித்த தொகையில் பொதுவாக 30 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதற்கு அத்தாட்சியான 1042-எஸ் படிவம் அடுத்த வருஷம் மார்ச் நடுவில்தான் வரும். பழம், வெற்றிலை, கவர் வைத்த தட்டோடு எல்லோரும் நமஸ்காரம் செய்து வழியனுப்பும் நேரத்தில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதனால் ஒரு வாரம் முன்பே, யார் அனுப்புவார்கள், எந்த விலாசத்துக்கு என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள ஆடிட்டர் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.