லெட்வில் 100: 12 மணி நேர மலைச் சைக்கிள் பந்தயத்தில் தெம்பைப் பங்கிட்டு ஓட்டுவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு சுரங்க ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரம். அந்த வட்டாரத்துக்குச் சோறு போட்ட கிளைமாக்ஸ் சுரங்கம் 1982-ல் மூடப்பட்டபோது ஊரே வேலையிழந்து நின்றது. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கினால் நாலு கடையாவது பிழைக்குமே என்று, சுரங்கத் தொழிலாளியான கென் க்ளௌபர் 1983-ல் அங்கே 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். 1994-ல் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது. ஆகஸ்ட் மாதம், சுமார் 167 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட்டில் மாட்டும் பக்கிள் ஒன்று பரிசு. 9 மணி நேரத்துக்குள் என்றால் அதைவிடப் பெரிய பக்கிள்.

முதல் முறை போனபோது எனக்குப் பக்கிள் கிடைக்கவில்லை. 14 நிமிடம் தாமதம். அடுத்த முறை அதே சைக்கிள், அதே அளவு பயிற்சி, 11 மணி 36 நிமிடத்தில் முடித்தேன். மாறியது ஒன்றுதான்: தெம்பை எங்கே எவ்வளவு செலவழித்தேன் என்பது. முதல் முறை நீண்ட பந்தயத்துக்குப் போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பாதையைப் பின்பக்கமிருந்து படியுங்கள்

இது போன வழியே திரும்பி வரும் பாதை. ஊரிலிருந்து செயின்ட் கெவின்ஸ் ஏற்றம், அப்புறம் சுகர்லோஃப், அங்கிருந்து பவர்லைன் என்ற கரடுமுரடான இறக்கம். பிறகு கொஞ்சம் சமதளம். 64-வது கிலோமீட்டர் வாக்கில் ட்வின் லேக்ஸ் என்ற நிறுத்தம். அதற்குப் பிறகு கொலம்பைன் மலை. அதன் உச்சியைத் தொட்டுவிட்டு வந்த வழியே வீடு திரும்ப வேண்டும்.

எல்லோரும் கொலம்பைனைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என் கணக்கில் பந்தயம் தீர்மானமாவது அங்கே இல்லை. காலையில் இறங்கிய அதே பவர்லைனை, கிட்டத்தட்ட 128 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, ஏற வேண்டுமே, அங்கேதான். ஆகவே எந்த முடிவை எடுத்தாலும் ஒரு கேள்வி: இது பவர்லைன் அடிவாரத்தில் எனக்கு உதவுமா, உபத்திரவமா? வேறு மலைப் பந்தயத்துக்குப் போகிறவர்களும் இப்படிப் பின்பாதியில் இருக்கும் கொடிய ஏற்றத்தை முதலில் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் ஒரு மணி நேரம் அகலக்கால் வைக்காதீர்கள்

காலை 6:30-க்குத் துப்பாக்கி வெடிக்கும். ஆகஸ்ட்டிலும் கை விறைக்கும் குளிர். தார்ச்சாலையில் கூட்டமாக இறங்கி, மண் பாதையில் திரும்பினால் செயின்ட் கெவின்ஸ் ஏற்றம். முன்னால் நூற்றுக்கணக்கான முதுகுகள். ஒரு வாரம் ஓய்வெடுத்த கால், படபடக்கும் நெஞ்சு. பக்கத்தில் ஒருவர் முந்திப் போனால் கால் தானாக அழுத்தும். நான் முதல் முறை கெட்டது இங்கேதான். 2 நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய், மாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் தொலைத்தேன்.

ஏன் அப்படி ஆகிறது? இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். கீழே நிதானமாக இருந்த அழுத்தம் இங்கே மூச்சு முட்ட வைக்கும். அதோடு, எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தை எரிக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான் தேறும். அது தீர்ந்தால், என்ன மனஉறுதி இருந்தாலும் கால் நகராது.

என் அளவுகோல் எளிமையானது. ஏற்றத்தில் ஃபோன் நம்பரின் பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பத்தும் வந்தால் சரி. ஆறாவது எண்ணில் மூச்சு வாங்கினால் உடனே ஒரு கியரைக் குறைப்பேன். இதயத்துடிப்பு மீட்டரை இந்த முதல் மணி நேரத்தில் அதிகம் நம்பாதீர்கள். உயரமும் பதற்றமும் சேர்ந்து அதை ஏற்றிக் காட்டும். மிதிக்கும் பலத்தை வாட்ஸில் காட்டும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் சமவெளியில் பழகிய வாட்ஸ் கணக்கிலிருந்து 15 முதல் 20 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்றத்தில் நிறைய பேர் உங்களை முந்திப் போவார்கள். போகட்டும். அவர்களில் பலரைப் பவர்லைனில் பார்ப்பீர்கள்.

படி 3: பசிக்காகக் காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

உயரத்தில் பசி மந்தப்படும். வாட்ச்சில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள், அடிக்கும்போதெல்லாம் இரண்டு வாய். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று தொடங்கலாம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் ஒரு மணி நேரத்தில் அதற்கு மேல் உறிஞ்சாது. ஃபிரக்டோஸும் கலந்த பானம் என்றால், வயிற்றைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை போகலாம். தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், கொஞ்சம் உப்போடு.

ஆறு மணி நேரத்துக்குப் பிறகு ஜெல்லை, அதாவது பாக்கெட்டில் வரும் இனிப்பான மாவுச்சத்துக் கூழைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அதனால் உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கை ஒரு பையில் கட்டி ட்வின் லேக்ஸில் கொடுத்து வைக்கிறேன். எதுவானாலும், பயிற்சியில் சாப்பிடாத ஒன்றைப் பந்தயத்தன்று தொடாதீர்கள்.

படி 4: சமதளத்தில் தனியாக ஓட்டாதீர்கள்

பவர்லைன் இறக்கத்தில் மழைநீர் அரித்த ஆழமான பள்ளங்கள் இருக்கும். டியூபும் டயரும் கிழிவது அங்கேதான் அதிகம். அதில் வீரம் காட்டி ஒரு நிமிடம் மிச்சம் பிடித்து, பஞ்சரில் பத்து நிமிடம் விடுவது நஷ்டக் கணக்கு. கீழே சமதளம் வந்ததும் ஒரு கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். எதிர்காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார். முறை வரும்போது நீங்களும் முன்னால் போய்க் காற்றை வாங்குங்கள், அதுதான் மரியாதை. நிம்மதியாகச் சாப்பிட ஏற்ற இடமும் இதுதான்.

படி 5: கொலம்பைனில் இறங்கி நடக்கக் கூச்சப்படாதீர்கள்

ட்வின் லேக்ஸுக்குப் பிறகு வரும் கொலம்பைன் ஏற்றம் சுமார் 13 கிலோமீட்டர். உச்சி 3,700 மீட்டருக்கும் மேல். முதல் பெரும்பகுதி மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் மண் சாலை. அங்கே சின்ன கியரில், ஃபோன் நம்பர் சொல்லும் வேகத்தில் உட்கார்ந்தே மிதிக்கலாம். மரங்கள் முடிந்ததும் பாதை கற்குவியலாகிறது, செங்குத்தாகவும் ஆகிறது. பின்சக்கரம் கல்லில் வழுக்கும், ஒரு மிதிக்கு முழு பலமும் போகும். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன். நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் அங்கே வேக வித்தியாசம் மிகக் குறைவு, மூச்சு வித்தியாசம் மிக அதிகம். உச்சியிலிருந்து திரும்புகிறவர்கள் எதிரே வேகமாக இறங்குவார்கள் என்பதால் வலது ஓரமாகவே நடங்கள்.

உச்சியில் உட்காராதீர்கள். உடம்பு சட்டென்று குளிரும். 12 மணி நேரத்தில் முடிக்கச் சராசரி வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். ஐந்து இடங்களில் ஆறாறு நிமிடம் நின்றால் அரை மணி நேரம், அதாவது 7 கிலோமீட்டர் போச்சு. நிற்பதற்கு முன்பே என்ன எடுக்க வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: "தண்ணீர், கிழங்கு, செயினுக்கு எண்ணெய்." எடுத்ததும் கிளம்புங்கள்.

படி 6: பவர்லைன்

இவ்வளவு நேரம் சேமித்ததெல்லாம் இங்கே செலவழிக்கத்தான். முதல் பகுதி மிகச் செங்குத்து, 20 சதவீதத்தையும் தாண்டும். பெரும்பாலோர் நடப்பார்கள், நீங்களும் நடங்கள். ஹேண்டில்பாரில் கையை ஊன்றி, சிறிய எட்டுகளாக, நின்றுவிடாமல். தலைக்கு மேலே மின்கம்பிகள், காலடியில் பொடி மண். அந்த மேடு முடிந்ததும் மலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. மறுபடி ஒரு மேடு, அப்புறம் இன்னொன்று. உச்சி என்று நம்பி முழு மூச்சோடு அழுத்தித்தான் முதல் முறை எனக்குத் தொடையில் பிடிப்பு வந்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு பாதை ஓரம் நின்றேன். கடந்து போனவர்களில் ஒரு பெண், எதுவும் கேட்காமல், தன் உப்பு மாத்திரையில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே மேடுகளை எண்ணாதீர்கள். 20 நிமிட அலாரம் இருக்கிறது அல்லவா, அடுத்த அலாரம் வரை என்று மட்டும் நினைத்து ஏறுங்கள். மிதிக்க முடிந்த இடத்தில் உடனே ஏறி உட்காருங்கள்.

படி 7: கடைசி மணி நேரம்

சுகர்லோஃப் தாண்டினால் இன்னும் ஒரு தார்ச்சாலை ஏற்றம், பிறகு செயின்ட் கெவின்ஸ் இறக்கம். கை சோர்ந்திருக்கும், பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள். ஊருக்குள் நுழையும் மண் பாதையும் மெல்ல மேலேதான் ஏறுகிறது. அதற்கென்று ஒரு ஜெல்லைப் பையில் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஆறாவது தெருவுக்குள் திரும்பியதும் தூரத்தில் முடிவுக்கோடு தெரியும். இனி ஃபோன் நம்பர் சொல்லிப் பார்க்க வேண்டாம், எழுந்து நின்று மிதியுங்கள்.