பிள்ளைகளோடு தண்ணீர்மலைப் பூங்கா

மார்ச், ஏப்ரல் வாக்கில் பினாங்கு சாலையோர டெகோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். அந்தச் சமயத்தில் பிள்ளைகளைத் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். 1884இல் தொடங்கிய பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. காலை ஏழு மணிக்கே போய்விட்டால் நல்லது. வெயில் ஏறினால் சின்னவர்கள் சோர்ந்துவிடுவார்கள்.

நாகலிங்க மரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். நடுவில் லிங்கம், அதன்மேல் படமெடுத்த நாகம் போல வளைந்த மகரந்தக் கொத்து. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து முகரக் கொடுங்கள், அத்தனை வாசம். காய் பெரியது, கனமானது, அதனால் மரத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்க வேண்டாம்.

அப்புறம், குரங்குகள். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே வந்து பறித்துவிடும். தின்பண்டம் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் இருக்கட்டும். குரங்குக்குத் தீனி போடத் தடை உண்டு. வாசலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.