மருந்துக் கடையில் இருப்புக் கணக்கு எங்கே தடம் மாறுகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து இருப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பணத்திலிருந்துதான் தொடங்கும். எவ்வளவு முதல் முடங்கிக் கிடக்கிறது, எக்ஸ்பைரியில் எவ்வளவு போனது என்று. அதுவும் முக்கியம்தான். ஆனால் மருந்து மற்ற சரக்கைப் போல இல்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பேட்ச் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்), ஒரு காலாவதித் தேதி, ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு. அது அலமாரியில் இல்லையென்றால் சிகிச்சை நின்றுபோகும் நோயாளி ஒருவரும் உண்டு. பொதுவான கடைக் கணக்கை அப்படியே மருந்தின் மேல் வைக்கும்போதுதான் முக்கால்வாசித் தவறுகள் உள்ளே வருகின்றன. முறைகளில் குறையில்லை, எந்த முறை எதற்காக வந்தது என்பதை மறந்துவிடுவதில்தான் சிக்கல்.

விலையை மட்டும் வைத்துத் தரம் பிரிப்பது

ஏபிசி பகுப்பாய்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்டுச் செலவின்படி மருந்துகளை வரிசைப்படுத்தினால், மேலே உள்ள சுமார் 10 முதல் 20 சதவீத மருந்துகளே மொத்தச் செலவில் 70 முதல் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அவை ஏ தொகுதி. நடுவில் பி, மிச்சமெல்லாம் சி. 1951-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி இதைச் சரக்கு மேலாண்மைக்குக் கொண்டுவந்தார். பணம் எங்கே இருக்கிறதோ அங்கே கவனத்தை வை என்பதே இதன் சாரம். தொழிற்சாலைக் கிடங்குக்கு அது போதும்.

மருந்துக்குப் போதாது. அட்ரினலின் ஊசி விலை குறைந்த மருந்து, விற்பனையும் குறைவு. ஏபிசி கணக்கில் அது சி தொகுதியின் அடியில் கிடக்கும். ஆனால் கடுமையான ஒவ்வாமையில் மூச்சுத் திணறுகிறவருக்கு வேண்டியது அதுதான். வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளும் இப்படித்தான். பணக் கணக்கில் கண்ணில் படாது, ஆனால் இரண்டு நாள் இல்லாமல் போனால் விளைவு பெரிது.

இதற்காகத்தான் விஇடி பகுப்பாய்வு இருக்கிறது. உயிருக்கு அவசியமானவை வி, தேவையானவை இ, இருந்தால் நல்லது என்ற அளவில் உள்ளவை டி. இரண்டையும் சேர்த்து ஒரு கட்டமாகப் போட வேண்டும். ஏ தொகுதியில் உள்ள எல்லாமும், வி தொகுதியில் உள்ள எல்லாமும் முதல் கவனத்துக்கு உரியவை. ஆனால் அந்தக் கவனம் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. விலை அதிகமாக இருந்து அவசியம் குறைவாக உள்ள மருந்துக்குக் கவனம் என்றால் இருப்பைக் குறைப்பது. விலை குறைவாக இருந்து உயிர்காப்பதற்கு உள்ள மருந்துக்குக் கவனம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்வது. கொஞ்சம் சரக்கு எக்ஸ்பைரி ஆகி வீணானாலும் அந்த நட்டத்தை ஏற்பதுதான் சரி. இந்தத் தரம் பிரிப்பைக் கணக்காளர் தனியாகச் செய்யக்கூடாது. ஃபார்மசிஸ்ட்டும், முடிந்தால் மருந்து எழுதும் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் அப்படியே விடுவதும் தவறு. சிகிச்சை முறைகள் மாறுகின்றன, பட்டியலும் மாற வேண்டும்.

இருப்பு இல்லாத நாட்களையும் சேர்த்து வகுப்பது

அடிக்கடி நடப்பது, ஆனால் கண்ணுக்கே தெரியாத தவறு இதுதான் என்பது என் எண்ணம். ஒரு மாத்திரை ஒரு மாதத்தில் 200 ஸ்ட்ரிப் விற்றது. 30 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 7 ஸ்ட்ரிப். ஆனால் அந்த மாதத்தில் 10 நாள் அந்த மருந்து கடையில் இல்லவே இல்லை. உண்மையில் 200 ஸ்ட்ரிப்பும் போனது 20 நாளில். அப்படியானால் ஒரு நாள் தேவை 10.

முதல் கணக்கை நம்பி அடுத்த மாதத்துக்கும் 200 ஸ்ட்ரிப் வாங்கினால், அது மறுபடியும் 20 நாளில் தீரும். மாதக் கடைசியில் பார்த்தால் மறுபடியும் 200 விற்றதாகப் பதிவாகும். கணினியைக் கேட்டால், நம் கணிப்பு மிகச் சரி என்று சொல்லும். தவறான எண் தன்னைத்தானே நிரூபித்துக்கொண்டே போகும். நோயாளிகள் மட்டும் ஒவ்வொரு மாதமும் கடைசிப் பத்து நாளில் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

தீர்வு கடினமில்லை. நுகர்வை மாதத்தின் மொத்த நாட்களால் வகுக்காமல், இருப்பு இருந்த நாட்களால் வகுக்க வேண்டும். அப்புறம், இல்லை என்று சொல்லி அனுப்பியதையும் எழுதி வைக்க வேண்டும். விற்பனை அறிக்கையில் விற்றது மட்டும்தான் வரும், கேட்டது வராது. கவுண்டரில் ஒரு நோட்டு போதும்: மருந்தின் பெயர், வீரியம், எத்தனை கேட்டார்கள், தேதி. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே ஒருவர் ஒருமுறை மொத்தமாக வாங்கிப் போனதைச் சராசரியில் சேர்த்தால், அடுத்த மாதம் வாங்க ஆளில்லாத சரக்கு வந்து குவியும். அந்த மாதிரி விற்பனையைக் கணக்கிலிருந்து தனியாக எடுத்துவிட வேண்டும்.

சராசரியை நம்பி மறு ஆர்டர் அளவை வைப்பது

ஒரு நாளைக்கு 10 ஸ்ட்ரிப் போகிறது, ஆர்டர் கொடுத்தால் 4 நாளில் சரக்கு வரும். ஆகவே 40 ஸ்ட்ரிப் மிச்சம் இருக்கும்போது ஆர்டர் கொடுத்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சராசரி என்பது ஏறக்குறைய பாதி நாட்களில் மீறப்படும் எண். காய்ச்சல் பரவும் நாளில் 16 போகலாம். சப்ளையர் 7 நாள் இழுக்கலாம். இரண்டும் ஒன்றாக வந்தால் தேவை 112 ஸ்ட்ரிப். அதிகபட்ச நாள் தேவையை அதிகபட்சக் காத்திருப்பு நாட்களால் பெருக்கி, அதிலிருந்து வழக்கமான காத்திருப்பு நாட்களுக்கான சராசரித் தேவையை, அதாவது அந்த 40-ஐ, கழித்தால் வருவது பாதுகாப்பு இருப்பு. இந்த உதாரணத்தில் 72.

எல்லா மருந்துக்கும் 72 ஸ்ட்ரிப் கூடுதலாக வைக்க வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் விஇடி கைகொடுக்கிறது. உயிருக்கு அவசியமானதற்கு முழுப் பாதுகாப்பு இருப்பு, சாதாரண வைட்டமின் மாத்திரைக்கு அதில் ஒரு சிறு பங்கு. மென்பொருளில் எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி "15 நாள் இருப்பு" என்று போட்டுவிட்டுத் தானியங்கி ஆர்டரை ஓடவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இந்த அளவுகளைப் பருவத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும்.

ஒருமுறைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்குச் சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரம் இருக்கிறது. 1913-ல் ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் எழுதியது. ஆர்டர் போடும் செலவையும் சரக்கை வைத்திருக்கும் செலவையும் சமன் செய்து ஒரு அளவைத் தரும். அந்தச் சூத்திரம் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறது: தேவை ஒரே சீராக இருக்கும், சரக்கு கெட்டுப்போகாது. மருந்தில் இரண்டுமே உத்தரவாதம் இல்லை. எனவே அது தரும் எண்ணை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு, காலாவதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஒப்பீடு ஒரு வரிக் கணக்குதான். கையில் 180 ஸ்ட்ரிப், மாதம் 20 போகிறது, ஆக 9 மாத இருப்பு. காலாவதிக்கு 6 மாதம்தான் இருக்கிறது என்றால் 60 ஸ்ட்ரிப் இன்றைக்கே வீணான மாதிரி. இது தெரிய 6 மாதம் காத்திருக்கத் தேவையில்லை; இன்றே தெரிந்தால் சப்ளையருக்குத் திருப்பலாம், வேறு கிளைக்கு மாற்றலாம். கூடுதல் இலவசம் என்று ஷார்ட் எக்ஸ்பைரி (காலாவதி நெருங்கிய) சரக்கைத் தள்ளும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

தேதி விஷயத்தில் நடக்கும் குழப்பங்கள்

முதலில் வந்தது முதலில் போகட்டும் என்ற விதியை மருந்துக்கு வைப்பது தவறு. இன்று வந்த பேட்ச் போன மாதம் வந்ததைவிட முன்னதாகவே காலாவதியாகலாம். மருந்துக்கு உரியது, முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும் என்ற விதி. புதுச் சரக்கை அலமாரியின் முன்னால் செருகுவது அவசரத்தில் எல்லோரும் செய்வது. வாங்கி அடுக்கும் நேரத்திலேயே தேதியைப் பார்த்து, முன்னது முன்னும் பின்னது பின்னுமாக வைத்துவிட வேண்டும்.

அதேபோல, காலாவதி ஆகவில்லை என்பதாலேயே ஒரு டப்பாவைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்யக்கூடாது. இன்னும் 2 மாதமே பாக்கி உள்ள மாத்திரையை 3 மாதத்துக்கு என்று கொடுத்தால், கடைசி மாதம் நோயாளி காலாவதியான மருந்தைத்தான் சாப்பிடுவார். சிகிச்சை முடியும் நாள்வரை தேதி தாங்குகிறதா என்பதே கேள்வி.

திறந்த பிறகு ஆயுள் குறையும் மருந்துகளும் உண்டு. பல வகை இன்சுலின் குப்பிகளைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் 28 நாள்தான் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாடிக் சிரப்புகளுக்கு ஒன்று இரண்டு வாரம்தான். மருத்துவமனை வார்டுகளில் திறந்த தேதியை எழுதாத குப்பி என்றால், பெட்டியில் அச்சிட்ட தேதியை நம்பித்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள பகுதி கடைசிவரை கடையில் இருக்கும்படி வெட்ட வேண்டும். வாங்குகிறவருக்கு அந்த விவரங்களை உறையில் எழுதிக் கொடுப்பது நம் கடமை.

குளிர்பதனப் பெட்டி

சூட்டைப் பற்றிப் பயப்படும் அளவுக்கு உறைதலைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. குளிரில் வைக்கும் மருந்துகளுக்கான வரம்பு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்பதில் அந்த 2 மிக முக்கியம். உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக்கூடாது. அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளான ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்றவை உறைந்தால் வீரியம் இழக்கின்றன. உறைவிப்பான் பகுதியை ஒட்டி மருந்தை வைப்பது, கதவுத் தட்டில் அடுக்குவது, காற்றுப் போக இடமில்லாமல் நிரப்புவது மூன்றும் தவறு. அந்த நேரத்து வெப்பநிலையை மட்டும் பார்ப்பதும் போதாது; இரவு மின்சாரம் போய் வந்ததைக் காலை 9 மணியின் எண் காட்டாது. அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி வேண்டும், அதைத் தினம் இரண்டு முறை பார்த்து எழுத வேண்டும்.

கணினி சொல்லும் இருப்பும் கையில் உள்ள இருப்பும்

திரையில் 12 என்று காட்டும், அலமாரியில் ஒன்றும் இருக்காது. இருக்கிறது என்று நினைப்பதால் கணினி ஆர்டரும் போடாது. இந்த வேறுபாட்டுக்குத் திருட்டுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டுவது நியாயமில்லை. பல நேரம் அலகுக் குழப்பமே காரணம்: பெட்டி, ஸ்ட்ரிப், மாத்திரை மூன்றில் எதை 1 என்று பதிந்தார்கள்? 10 ஸ்ட்ரிப் உள்ள பெட்டியை 10 என்று வரவு வைத்து, முழுப் பெட்டியை 1 என்று விற்றால், 10 மடங்கு பிழை முதல் நாளே வந்துவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, தினம் கொஞ்சம் எண்ணுவது மேல். ஏ, வி தொகுதி மருந்துகள் அடிக்கடி, சி தொகுதி எப்போதாவது. எண்ணுகிறவரிடம் கணினியில் உள்ள எண்ணைக் காட்டக்கூடாது. 48 என்று தாளில் அச்சிட்டிருந்தால், 47 இருந்தாலும் கண் 48 என்றே எண்ணும். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்திவிட்டு நகரக்கூடாது. காரணத்தையும் ஒரு வரி எழுதினால், எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று ஓரிரு மாதத்தில் தெரிந்துவிடும்.

பிராண்டுப் பெயரில் மட்டும் இருப்பைப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே மூலப்பொருள் நாலு பிராண்டில் கிடக்கும், ஐந்தாவதை ஆர்டர் போடுவார்கள். மூலப்பொருள் பெயரில் தொகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் சாதாரண மாத்திரையையும் மெதுவாகக் கரையும் மாத்திரையையும் ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடாது.

பேட்ச் எண்ணை அலட்சியம் செய்வது

2018 ஜூலையில் பல நாடுகளில் வால்சார்ட்டன் என்ற இரத்த அழுத்த மருந்தின் குறிப்பிட்ட தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. மூலப்பொருளில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு கலந்திருந்ததே காரணம். வால்சார்ட்டன் எல்லாமே திரும்பப் பெறப்படவில்லை, பாதிக்கப்பட்டவை மட்டும். அப்படி ஒரு அறிவிப்பு வரும்போது, அந்த பேட்ச் யாருக்கெல்லாம் போனது என்று சொல்ல முடிகிற கடைகள் எத்தனை?

பில் போடும்போது நடப்பதைக் கவனியுங்கள். கணினி முன்னதாகக் காலாவதியாகும் பேட்சைத் தானாகவே தேர்ந்தெடுக்கும். கை, அருகில் இருக்கும் பேட்சை எடுக்கும். பில்லில் ஒன்று, பையில் ஒன்று. மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது தவறான நோயாளிக்குத் தொலைபேசி போகும், சரியானவருக்குப் போகாது. சாதாரண பார்கோடு பெரும்பாலும் பொருளை மட்டும் அடையாளம் காட்டும். பேட்ச் எண்ணும் தேதியும் சேர்ந்தது சதுர வடிவ இருபரிமாணக் குறியீடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல் பெரும்பாலான மருத்துவர் சீட்டு மருந்துகளுக்கு அது கட்டாயம். பெட்டியில் அது இருந்தால் அதையே ஸ்கேன் செய்ய வேண்டும். இல்லையென்றால் எடுத்த பேட்சைக் கண்ணால் பார்த்து மாற்றிப் பதிய வேண்டும். சில நொடி வேலைதான்.

திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த சரக்கு, காலாவதியானது, உடைந்தது எல்லாம் அன்றே விற்பனை அலமாரியை விட்டுப் போக வேண்டும். பூட்டும் பெயரும் உள்ள தனிப் பெட்டிக்கு மாற்றி, கணினியிலும் விற்க முடியாத இருப்பு என்று மாற்ற வேண்டும். நோயாளி வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவரும் மருந்துக்கும் இடம் அந்தப் பெட்டிதான். உறை பிரிக்காமல் இருந்தாலும், அது எந்தச் சூட்டில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது.